போனை நம்பலாம்... போன் நம்பரை நம்பலாமா?

சொந்தமா ஒரு மொபைல் ஆப் பண்ணலாம்னு கிளம்பிட்டீங்களா? நல்லது பாஸ். அதுக்கு முன்னாடி எங்க சோகக் கதையைக் கேட்டுட்டுப் போங்க.

2017. மூணாவது வருஷம். நாலு பேர் சேர்ந்து டிபார்ட்மென்ட்டுக்கு ஒரு அட்டெண்டன்ஸ் ஆப் செய்தோம். ஒருத்தன் போனில் இன்னொருத்தனுக்கு ப்ராக்ஸி போடக் கூடாதே? அதனால் ஒவ்வொரு போனின் ஐ.எம்.இ.ஐ. எண்ணையும் ஒரு ரோல் நம்பரோடு முடிச்சுப் போட்டோம். *#06# அடிச்சா வருமே, அந்த 15 இலக்க எண்தான். ஹெச்.ஓ.டி. கை குலுக்கினார். காலரைத் தூக்கி விட்டுக்கிட்டோம்!

அடுத்த வருஷம் ஒரு ஜூனியர் கண் கலங்க வந்து நின்னான். "அண்ணா, தினமும் கிளாஸுக்கு வந்தேன். ஆப்ல டிக்கூட விழுந்துச்சு. ஆனா அட்டெண்டன்ஸ் இல்லை, எக்ஸாம் எழுத முடியாதுங்கறாங்க."

தோண்டினோம். அவன் வச்சிருந்தது, படிப்பு முடிச்சுப் போன சீனியர்கிட்ட வாங்கின செகண்ட் ஹேண்ட் போன். ஃபேக்டரி ரீசெட் பண்ணினாலும் ஐ.எம்.இ.ஐ. மாறாது. தம்பி வந்த நாளெல்லாம் ஊரைவிட்டே போன சீனியர் கணக்கில் ஏறியிருக்கு! தேதி தேதியா எடுத்துக் காட்டி ஹால் டிக்கெட் வாங்கித் தருவதற்குள் எங்களுக்கு நாக்குத் தள்ளிடுச்சு.

அப்புறம்தான் ஒழுங்கா படிச்சோம். இரண்டு சிம் போனில் ஐ.எம்.இ.ஐ.யே இரண்டு. 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10-லிருந்து சாதாரண ஆப்களால் அதைப் படிக்கவே முடியாது. ஐபோனின் யூ.டி.ஐ.டி.யைப் படிக்கும் ஆப்களை 2013 மே முதலே ஆப்பிள் ஏற்பதில்லை. வைஃபை மேக் முகவரியைக் கேட்டால் ஆண்ட்ராய்டு 6-லிருந்து எல்லாப் போனும் 02:00:00:00:00:00 என்று ஒரே பாட்டைப் பாடும். 'ஆண்ட்ராய்டு ஐ.டி.' மட்டும் என்ன ஒழுங்கா? ஆண்ட்ராய்டு 2.2 காலத்தில் ஒரு பிரபல மாடலின் எல்லாப் போன்களுக்கும் ஒரே ஐ.டி. வந்த கூத்தும் நடந்திருக்கு. 8-லிருந்து அது ஆப்புக்கு ஆப் வேற. ரீசெட் பண்ணினால் மாறிடும்.

அப்ப எதைத்தான் எடுக்கறது? முதல்ல, உங்களுக்கு யாரைத் தெரியணும்னு கேட்டுக்குங்க. ஆப் எத்தனை இடத்தில் இன்ஸ்டால் ஆகியிருக்குன்னு எண்ணணுமா? முதல் தடவை திறக்கும்போது ஒரு ரேண்டம் யூ.யூ.ஐ.டி. உருவாக்கிச் சேமிச்சுக்குங்க. ஆப்பை அழிச்சா அதுவும் போயிடும், போகட்டுமே! ஐபோனில் உங்க கம்பெனி ஆப்கள் எல்லாத்துக்கும் பொதுவா ஒண்ணு வேணுமா? ஐ.டி.எஃப்.வி. இருக்கு. அத்தனை ஆப்களையும் அழிச்சுட்டா அதுவும் மாறும். ஆளைத்தான் தெரியணுமா? லாகின் வைங்க. வேற குறுக்கு வழி கிடையாது.

நாங்க போனை அடையாளம் கண்டோம். அதைப் பிடிச்சிருந்த பையனை விட்டுட்டோம். நீங்க ஆப்பை வெளியே விடறதுக்கு முன்னாடி, கைமாறின பழைய போன் ஒண்ணுல ஒரு தடவை போட்டுப் பாருங்க, ப்ளீஸ்!