கையெழுத்துக்குப் பிறகுதான் விற்பனை

சென்னையில் மூட்டு மாற்று இம்ப்ளான்ட் விற்றுக்கொண்டிருந்த நான் இப்போது மென்பொருள் விற்கிறேன். மருத்துவக் கருவித் துறையிலிருந்து இந்தப் பக்கம் வர நினைக்கும் இளைஞர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அண்ணா, இங்கே கத்துக்கிட்டது அங்கே எடுபடுமா?" தாராளமாக எடுபடும். பேச்சுத் திறமையும் டார்கெட்டை முடிக்கும் வேகமும் எந்த விற்பனைக்கும் வேண்டியவை. ஆனால், விற்ற பொருள் பயன்படும் இடத்தில் நின்று, அது சரியாகப் பயன்படும்வரை பொறுப்பேற்கும் பழக்கம் மருத்துவக் கருவி விற்றவர்களிடம் இருக்கும் அளவுக்கு வேறு எவரிடமும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அதைத்தான் பத்திரமாக எடுத்து வரவேண்டும் என்று அவர்களிடம் சொல்கிறேன்.

முழங்கால் மாற்று அறுவை சிகிச்சைக்கு இம்ப்ளான்ட் மட்டும் போனால் போதாது. எலும்பை அளந்து வெட்ட உதவும் ஜிக்குகளும், பொருத்திப் பார்க்கும் டிரையல்களும் டிரே டிரேயாக முன்கூட்டியே மருத்துவமனைக்குப் போய்ச் சேர வேண்டும். மருத்துவமனையின் கிருமிநீக்கப் பிரிவான சி.எஸ்.எஸ்.டி.யில் எண்ணி வாங்கி, கழுவி, ஆட்டோகிளேவில் ஏற்றி இறக்கினால்தான் மறுநாள் காலை கேஸ் நேரத்துக்குத் தொடங்கும். இம்ப்ளான்ட்டுகள் தனி ஸ்டெரைல் பெட்டிகளில், பல அளவுகளில் தயாராக இருக்க வேண்டும். அறுவை அரங்கான ஓ.டி.க்குள் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதியான ரெப் ஸ்டெரைல் பகுதிக்கு வெளியே நிற்பார், எதையும் தொடமாட்டார். டாக்டர் டிரையலை வைத்து முழங்காலை மடக்கியும் நீட்டியும் பார்த்துவிட்டு அளவைச் சொல்வார். அளவு, இடதா வலதா, காலாவதித் தேதி ஆகிய மூன்றையும் உரக்கப் படித்துச் சரிபார்த்த பிறகே உறை பிரியும். போன் சிமென்ட் கலந்துவிட்டால் நிமிடங்களில் இறுகிவிடும். அதற்குமேல் எதையும் தேடிக்கொண்டிருக்க முடியாது. கேஸ் முடிந்ததும் பெட்டியிலிருக்கும் ஸ்டிக்கர் நோயாளியின் கோப்பில் ஏறும். கன்சைன்மென்ட்டில் வைத்த சரக்கு என்றால் பில் அதற்குப் பிறகுதான். பொருள் பயன்பட்டால்தான் காசு என்ற இந்த ஒழுங்கு, பல ஆண்டுகள் அதில் உழைத்தவரின் உடம்பிலேயே ஊறிவிடும்.

2017 ஆகஸ்டில் மத்திய அரசு முழங்கால் இம்ப்ளான்ட்டுகளுக்கு விலை உச்சவரம்பு விதித்தது. பரவலாகப் பயன்படும் கோபால்ட் குரோமியம் வகைக்கு ஜி.எஸ்.டி. நீங்கலாக 54,720 ரூபாய். அதே ஆண்டு பிப்ரவரியில் இதய ஸ்டென்ட்டுகளுக்கும் வரம்பு வந்திருந்தது. நோயாளிகளுக்கு அது பெரிய ஆறுதல். விற்பனைக்காரர்களுக்குப் பெரிய பாடம். விலையிலும் மார்ஜினிலும் விளையாட இடம் சுருங்கியபோது, ஒரு கம்பெனிக்கும் இன்னொன்றுக்கும் இடையில் டாக்டர் கண்ட வித்தியாசம் சேவைதான். டிரே முழுமையாக வந்ததா? கூப்பிட்டால் ஆள் வருவாரா? கேட்டதற்குத் தெரிந்த பதில் சொல்வாரா, தெரியாதபோது தெரியாது என்று சொல்வாரா? அன்று தாக்குப்பிடித்தவர்கள் இந்தக் கேள்விகளுக்குப் பதிலாக இருந்தவர்கள்.

மென்பொருளுக்கு மாற நினைப்பவருக்குச் சென்னை நல்ல ஊர். பின்னாளில் ஜோஹோ ஆன அட்வென்ட்நெட் 1996-இல் தொடங்கியது. 2010-இல் சென்னையில் பிறந்த பிரெஷ்வொர்க்ஸ் 2021-இல் நாஸ்டாக்கில் பட்டியலானது. இங்கே உட்கார்ந்தபடி உலகத்துக்கே மென்பொருள் விற்கலாம் என்பதை இந்த நிறுவனங்கள் காட்டின. ஆனால் இந்தத் தொழிலில் பணம் வரும் வரிசை நேர் எதிரானது. ஆண்டுச் சந்தாவுக்குக் கையெழுத்து வாங்குகிறோம், பில் போடுகிறோம். பயன்பாடு அதற்குப் பிறகு தொடங்குகிறது. விற்பனையாளரின் கணக்கில் ஆர்டர் ஏறிவிட்டது, இன்சென்டிவ் வந்துவிட்டது. வாங்கிய இடத்தில் யாராவது அதைத் திறந்து பார்த்தார்களா என்று கவலைப்படும்படி அவரை யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. ஓ.டி.யில் நின்று பழகியவர் இங்கேதான் தன் பழைய பழக்கத்தை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இம்ப்ளான்ட்டைத் தேர்ந்தெடுப்பவர் டாக்டர், பேரம் பேசுவது பர்ச்சேஸ். ஆனால் கேஸ் தடங்கலில்லாமல் நடப்பது ஸ்க்ரப் சிஸ்டர் கையில் இருக்கிறது. டிரேயில் எந்தக் கருவி எந்த வரிசையில் இருந்தால் எடுக்க வசதி என்பது அவருக்குத்தான் தெரியும். அவரிடம் உட்கார்ந்து கேட்டுக் கற்றுக்கொண்ட ரெப்பின் கேஸ்கள் சீராக நடந்தன. மென்பொருளிலும் இப்படி ஒருவர் இருக்கிறார். மருத்துவமனை என்றால் பில்லிங் கவுன்டரில் இருப்பவர். பின்னலாடை நிறுவனம் என்றால் டிஸ்பாட்ச் பார்ப்பவர். ஐ.டி. தலைவரும் ஃபைனான்ஸும் நிர்வாக இயக்குநரும் உட்காரும் டெமோவுக்கு இவரை யாரும் அழைப்பதில்லை. நான் டெமோவுக்கு முன்பே இவரைப் பார்க்க அனுமதி கேட்டு வாங்கிக்கொள்வேன். இவர் மேஜையில் ஒரு நோட்டும், கணினியில் ஓர் எக்செல் ஷீட்டும் இருக்கும். நம் மென்பொருளுக்கு உண்மையான போட்டி பெரும்பாலும் அந்த நோட்டுதான். அதில் இவர் எதை எழுதுகிறார், ஏன் எழுதுகிறார் என்று தெரிந்துகொண்ட பிறகு காட்டும் டெமோ சுருக்கமாகவும் இருக்கும், பொருத்தமாகவும் இருக்கும்.

ஒப்பந்தத்தைப் படிக்கும்போதும் ஓ.டி. அனுபவம் கைகொடுக்கிறது. 99.9 சதவீத நேரம் சர்வர் இயங்கும் என்பது பல மென்பொருள் ஒப்பந்தங்களில் காணும் வாக்குறுதி. கணக்குப் போட்டால் 30 நாள் மாதத்தில் சுமார் 43 நிமிடம் நின்றுபோனாலும் வாக்கு மீறப்படவில்லை. அந்த 43 நிமிடம் அதிகாலை மூன்று மணிக்கு வந்தால் பெரும்பாலோர் கவனிக்கவே மாட்டார்கள். ஓ.பி. டோக்கன் வரிசை வாசல்வரை நிற்கும் காலை நேரத்தில் வந்தால் மருத்துவமனையே தடுமாறும். எனவே சதவீதத்தைச் சொல்லிவிட்டு நகராமல், பராமரிப்பு எந்த நேரத்தில் நடக்கும், நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவது, அதுவரை டோக்கனை எப்படிக் கொடுப்பது என்பதை வாடிக்கையாளர் கேட்பதற்கு முன்பே பேசிவிட வேண்டும்.

புதிதாகக் கற்க வேண்டியவையும் உண்டு. முதலாவது, கேள்வி கேட்பது. எலும்பு டாக்டருக்குத் தன் நோயாளியின் பிரச்சினை தெரியும். நம்மிடம் அவர் தேடுவது கருவியை. மென்பொருள் வாங்குபவர் பல சமயம் அறிகுறியை மட்டும் சொல்வார்: "கஸ்டமர் கம்ப்ளெயின்ட் அதிகமாயிடுச்சு." காரணம் ஆள் பற்றாக்குறையா, தகவல் கைமாறும்போது தொலைகிறதா என்று நாம்தான் கூட இருந்து கண்டறிய வேண்டும். இரண்டாவது, பலரையும் சேர்த்து நடத்திச் செல்லும் பொறுமை. தரவு எங்கே சேமிக்கப்படும் என்று ஐ.டி. கேட்கும், 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இந்தக் கேள்வியின் கனம் கூடியிருக்கிறது. ஏற்கெனவே இருக்கும் கணக்கு மென்பொருளோடு இணையுமா என்று ஃபைனான்ஸ் கேட்கும். ஏ.பி.ஐ. என்றால் என்ன, பழைய தரவை எப்படி மாற்றுவது என்பதை நாமே செய்து பார்த்துக் கற்றிருந்தால்தான் இவர்கள் நம்புவார்கள். இம்ப்ளான்ட்டின் அறுவை முறையை வரிவரியாகப் படித்தவருக்கு இது கைக்கெட்டாத படிப்பல்ல.

மூன்றாவது, பார்க்க முடியாத இடத்தைப் பார்க்கக் கற்பது. அமெரிக்காவில் இருக்கும் வாடிக்கையாளரின் அலுவலகத்துக்கு நாம் போய் நிற்க முடியாது. அதற்குப் பதிலாக லாகின் விவரம் இருக்கிறது. ஐம்பது பேருக்கு வாங்கியதில் பன்னிரண்டு பேர்தான் உள்ளே வருகிறார்கள் என்றால், அந்தச் சந்தா அடுத்த ஆண்டு புதுப்பிக்கப்படுவது சந்தேகம். புகார் எதுவும் வராது. மெதுவாகப் பழைய நோட்டுக்கே திரும்பிவிடுவார்கள். ரின்யூவல் மாதத்தில் போய்த் தள்ளுபடி பேசுவதைவிட, இரண்டாவது மாதமே அந்த எண்ணிக்கையைப் பார்த்துப் போன் செய்வதுதான் விற்பனை. இதைக் கஸ்டமர் சக்ஸஸ் குழுவின் வேலை என்று ஒதுக்கும் விற்பனையாளர்கள் உண்டு. வாக்குக் கொடுத்தவர் நாம். அது நிறைவேறியதா என்று பார்க்கும் கடமையை இன்னொரு குழுவின் தலையில் முழுவதுமாக இறக்கிவைக்க முடியாது.

வேலை மாறும் இளைஞர்கள் நேர்காணலில் டார்கெட் சதவீதத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். ஒரு டாக்டர் வேறு பிராண்டிலிருந்து உங்கள் பிராண்டுக்கு மாறியபோது அவர் டீம் முழுவதையும் எப்படித் தயார்செய்தீர்கள் என்று சொல்லுங்கள். புதிய மென்பொருளை ஒரு நிறுவனத்தில் இறக்கும் வேலையும் அதேதான். வேலையில் சேர்ந்த பிறகு ஒரு வழக்கத்தை மட்டும் முதல் ஒப்பந்தத்திலிருந்தே கடைப்பிடியுங்கள். கையெழுத்து வாங்கும் முன்பே, மென்பொருள் பயன்பாட்டுக்கு வரும் நாளை வாடிக்கையாளரோடு பேசிக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நாளில் வேறு எந்த மீட்டிங்கையும் வைத்துக்கொள்ளாதீர்கள். கேஸ் நாளில் மருத்துவமனைக்குப் போனதுபோலவே அன்றும் போய் நில்லுங்கள். போக முடியாத தூரமென்றால் அவர்கள் வேலை முடியும்வரை அழைப்பிலேயே இருங்கள்.