கடன் கொப்பியும் ஓர் அக்காவின் கேள்வியும்



பதுளை பஸார் வீதியில் என் வாப்பா சில்லறைக் கடை வைத்திருந்தார்கள். பசறைப் பக்கத்துத் தோட்ட மக்கள் அரிசி, பருப்பு, மண்ணெண்ணெயைக் கொப்பியில் எழுதி வாங்கிப் போவார்கள். சம்பள நாளில் கணக்குத் தீரும். மழை பொய்த்துக் கொழுந்து குறைந்த மாதங்களில் வாப்பா யாரையும் நெருக்கமாட்டார்கள். "இல்லாதவனை நெருக்கினால், பிள்ளையின் சோற்றைத்தான் எடுத்துத் தருவான்" என்பார்கள்.

அந்தப் பழைய வாடிக்கைக் குடும்பத்து அக்கா ஒருவர், இன்றும் கொழுந்து பறிப்பவர், 2023 இல் என்னிடம் கேட்டார்: "மௌலவி ஐயா, நாங்க வாங்காத கடனுக்கு எங்க ஈ.பி.எஃப். காசுல கை வைக்கப் போறாங்களாமே, மெய்தானா?"

கடன் பற்றிய ஆயத்தை வருடந்தோறும் மாணவர்களுக்கு ஓதிக்கொடுக்கும் எனக்கு உடனே பதில் வரவில்லை. வெட்கத்தோடு விசாரித்து அறிந்தேன்.

2022 ஏப்ரல் 12 இல் நம் நாடு வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நிறுத்தியது. அப்போது அக்கடன் சுமார் 5,100 கோடி டொலர். 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் சுமார் 300 கோடி டொலர் தர இணங்கியது. வரியைக் கூட்டுவதும் கடனை மறுசீரமைப்பதும் அதன் நிபந்தனைகள்.

அவ்வருடமே உள்நாட்டுக் கடனிலும் கை வைக்கப்பட்டது. ஊழியர் சேமலாப நிதியம் தன்னிடமிருந்த அரச முறிகளைக் கொடுத்து, நீண்ட தவணை முறிகளை ஏற்றது. மறுத்திருந்தால் அதன் வருமானத்துக்கு 30 வீத வரி! வங்கிகளின் முறிகளோ இதில் சேர்க்கப்படவில்லை. வற் வரியும் 8 வீதத்திலிருந்து ஏறி, 2024 ஜனவரியில் 18 வீதமானது. வெளிநாட்டு முறிக்காரர்கள் 2024 டிசம்பரில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தார்கள் என்பதும் உண்மையே.

அக்காவிடம் சொன்னேன்: "போட்ட முதலை எடுக்கவில்லை. 9 வீத வட்டி தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அதற்குமேல் வரக்கூடியதுதான் குறையும்." அவர் சிரித்தார்: "கொப்பியில எங்க பேரே இல்லியே ஐயா!"

சகோதரிகளே, கஷ்டப்படும் கடனாளிக்கு அவகாசம் கொடுக்கும்படி அல்-பகறா அத்தியாயம் பணிக்கிறது. குர்ஆனின் மிக நீண்ட வசனமோ, கடனை நீதியாக எழுதி, சாட்சி வைப்பதைப் பற்றியது. நாட்டுக்கு அவகாசம் கிடைத்தது, நல்லதே. ஆனால் அந்த அவகாசத்தின் விலையை, எழுதும்போது யாரும் கேட்காத ஒரு பெண்ணும் கொடுக்கிறாள். இது நீதியா?

வீட்டுக் கடனானாலும் நாட்டுக் கடனானாலும், யார் வாங்கினார், எதற்கு வாங்கினார், யார் கட்டுவார் என்று கேட்க நம் பெண் மக்களைப் பழக்குங்கள். கேட்பது அடக்கக் குறைவல்ல.

கடன் சுமையிலிருந்து நம் எல்லோரையும் அல்லாஹ் காப்பானாக! ஆமீன்.