குறிகட்டுவானிற் குறி பார்த்தோம்

குறிகட்டுவான் இறங்குதுறையை அறியாத யாழ்ப்பாணத்தார் இலர். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்வோர் புங்குடுதீவின் இக்கரையிலேதான் படகேறுதல் வேண்டும். பெயர்க் காரணம் எதுவாயினும் ஆகுக. ‘குறி’ என்னுஞ் சொல்லைத் தன் பெயரிலே தாங்கிய அத்துறைக்கு, கடந்த ஆடி மாதத்தில் ஒரு நாள், நாமும் ஒரு குறியை நாடியே சென்றோம்.

எமது தமக்கையார் சுவிற்சர்லாந்தில் வாழ்பவர். அவருடைய மகள், 17 வயதுப் பிள்ளை, விடுமுறைக்கு எம்மிடம் வந்திருந்தாள். அந்நாட்டிலே குறிபார்த்துச் சுடுதல் ஊர்தோறும் பயிலப்படும் ஒரு விளையாட்டு. 2021 இல் நடந்த ரோக்கியோ ஒலிம்பிக்கில் நினா கிறிஸ்ரன் என்னும் பெண்ணும், 2024 இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் கியாரா லியோனே என்னும் பெண்ணும், 50 மீற்றர் மூன்றுநிலைப் போட்டியிலே அந்நாட்டுக்குத் தங்கப் பதக்கம் ஈட்டிக் கொடுத்தனர். எம் மருமகளும் அந்த 50 மீற்றர் தூரத்திலேயே பயில்கின்றாள்.

“மாமா, நாங்கள் சுடுறது கடுதாசிக் குறியிலை. சன்னம் எங்கை பட்டதெண்டு பாக்க ஒரு தொலைகாட்டி வேணும். வேலை செய்து 200 பிராங் சேர்த்து வைச்சிருக்கிறன். எதை வாங்கலாம்?” என்று அவள் கேட்டாள். தோழியிடம் இரவல் பெற்ற ஒன்றையும் உடன் கொண்டு வந்திருந்தாள். அதன்மேல் ‘20–60×60’ என்று பொறிக்கப்பட்டிருந்தது. அதே விலைக்கு இன்னும் பெரிய எண்கள் பொறித்தவையும் கடையில் உண்டாம்.

திண்ணையில் இருந்த எம் அன்னையார் இதைக் கேட்டுத் திடுக்கிட்டார். “ஆர் துவக்குப் பிடிக்கிறது? நீயோ பிள்ளை?” என்றவர், மறுமொழிக்குக் காத்திராமல் எழுந்து உள்ளே போய்விட்டார். அன்றிரவு அவர் உணவு கொள்ளவில்லை. 1991 இல், கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு புங்குடுதீவை விட்டு வெளியேறியவர்களுள் நாமும் அடங்குவோம். அவருக்கு அச்சொல் விளையாட்டின் பெயரன்று. பேத்திக்கோ அது விளையாட்டைத் தவிர வேறொன்றும் அன்று. இருவருக்கும் நடுவில் நாம் என் செய்வோம்? பௌதிகம் கற்பிப்பவராதலின், தெரிந்த கணக்கிலே புகுந்து கொண்டோம்.

நல்ல கண்ணுக்கு 50 மீற்றருக்கு அப்பால் ஏறக்குறைய 15 மில்லிமீற்றருக்குக் குறைந்த நுணுக்கம் பிரிந்து தோன்றாது. அவள் சுடும் சன்னத்தின் விட்டமோ 5.6 மில்லிமீற்றர், நடு வட்டமே 10.4 மில்லிமீற்றர்தான். ஆகவே தொலைகாட்டி இன்றியமையாதது. ஆயின் எவ்வளவு உருப்பெருக்கம் போதும்? 20 மடங்கு பெருக்கினால், 50 மீற்றரில் உள்ள கடுதாசி இரண்டரை மீற்றரில் உள்ளது போலத் தோன்றும். அவ்வளவு அண்மையிற் கிழிந்த துளையைக் காணாத கண் உண்டோ?

மற்றொரு கணக்கும் உண்டு. முன் வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 60 ஐ 20 ஆல் வகுக்க 3 மில்லிமீற்றர். 60 ஆல் வகுக்க 1 மில்லிமீற்றர் மாத்திரமே. எனவே உருவம் பெருக்கப் பெருக்க ஒளி மங்கும். குறியின் கறுத்த வட்டத்தில் விழுந்த துளையைக் காண்பதற்கு வேண்டுவது பருமனன்று, தெளிவு.

கணக்கைக் கண்ணாற் காணவே குறிகட்டுவானுக்குப் புறப்பட்டோம். நயினை நாகபூஷணி அம்மனுக்கு நேர்த்தி இருந்தபடியால் அன்னையாரும் உடன் வந்தார். துறையிற் காவல் நின்ற கடற்படையினரிடம் சொல்லிவிட்டு முக்காலியை நாட்டினோம். சோளகக் காற்று வீசியது, முக்காலி நடுங்கியது, அக்கரைக் கோபுரமும் உடன் நடுங்கியது. தண்ணீர்ப் போத்தல்கள் இட்ட பையை முக்காலியின் நடுவே தொங்கவிட்டதும் நடுக்கம் அடங்கிற்று. 20 மடங்கிலே கோபுரம் தெளிவாய் நின்றது. 60 மடங்குக்குத் திருப்பினோம். கோபுரம் பெருத்தது, ஆனால் மங்கி, கடல்மேல் எழுந்த வெப்பக் காற்றிலே நீருள் விழுந்த நிழல்போல் நெளிந்தது.

“விளங்கீட்டுது மாமா. பெரிய எண்ணுக்குக் காசு குடுக்கத் தேவையில்லை” என்றாள் மருமகள்.

ஆம். கைக்கெட்டிய பணத்தில் வாங்குவோர் 60 மில்லிமீற்றர் வில்லையோடு அமைக. வில்லைகள் யாவற்றிலும் ஒளிதெறிப்பைக் குறைக்கும் பல்படைப் பூச்சு உண்டோ என்று கேட்க. கிடந்து சுடுவோர்க்குப் பார்வைத்துண்டு சாய்வாயிருப்பது கழுத்து நோவைத் தவிர்க்கும்; மூக்குக்கண்ணாடி அணிவோர் கண்ணைச் சற்றுத் தள்ளி வைத்துப் பார்க்கக் கூடியதைத் தேர்க. எஞ்சிய பணத்தை உறுதியான முக்காலிக்குச் செலவிடுக. களப்பிலே பறவை பார்க்க விரும்பும் மாணவர்க்கும் இக்கணக்குப் பொருந்தும்.

படகு வரச் சற்று நேரமிருந்தது. “அம்மம்மா, ஒருக்காப் பாருங்கோவன்” என்று பேத்தி அழைத்தாள். அன்னையார் தயங்கினார். “இதுக்குள்ளை சன்னம் ஒண்டும் இல்லையே?” என்று கேட்டார். “இல்லை அம்மம்மா, இது பாக்கிறதுக்கு மட்டுந்தான்.”

குனிந்து பார்த்தவர் நெடுநேரம் நிமிரவில்லை. நயினாதீவிலிருந்து படகொன்று வந்துகொண்டிருந்தது. “ஒரு தாய் பிள்ளையை மடியிலை வைச்சிருக்கிறாள். பிள்ளை நித்திரை” என்றார். பின் மெல்ல, “அந்த நாளையிலை துவக்குப் பிடிச்சவையும் சுட முந்தி இப்பிடி வடிவாப் பாத்திருந்தால்…” என்று சொல்லி நிறுத்தினார். எம்மிருவருக்கும் விடை சொல்லத் தெரியவில்லை. படகு கரை சேர்ந்தது.

மருமகள் திரும்பிச் சென்று, சிறிய எண் பொறித்த ஒன்றையே 200 பிராங்குக்குள் முக்காலியோடு வாங்கிவிட்டாள். அன்னையார்க்கு அவள் சுடுவது இன்றும் மனத்துக்கு ஒவ்வாத காரியந்தான். துவக்கு என்னுஞ் சொல்லை அவர் வாயில் எடுப்பதில்லை. ஆயினும் ஞாயிற்றுக்கிழமைகளிலே தொலைபேசி வந்தால், நாம் பேசி முடிக்குமுன் வாங்கிக் கேட்கின்றார்:

“பிள்ளை, இண்டைக்கு எத்தினை ஓட்டை நடுவிலை?”