உயிலும் சாட்சியும்

எங்கள் மகள் சட்டக் கல்லூரியில் நான்காம் ஆண்டு பயில்கிறாள். உயில், வாரிசுரிமை, சொத்துப் பங்கீடு ஆகியவற்றிலேயே தனித் தேர்ச்சி பெற விரும்புவதாக அவள் கூறியபோது உறவினர் பலர் முகம் சுளித்தனர். "ஓசூரைச் சுற்றி இத்தனை தொழிற்சாலைகள் இருக்கின்றன. கம்பெனிச் சட்டம் படித்தாலென்ன? செத்தவர் சொத்தைப் பங்கு போடவா ஐந்தாண்டுப் படிப்பு?" என்றார் அவளுடைய பெரியப்பா. நாங்கள் இருவரும் மகள் பக்கமே நின்றோம்.

1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வருமுன் கேழ்வரகும் கொள்ளும் விளைந்த இம்மேட்டு நிலம், இன்று சதுர அடிக்கணக்கில் விலை பேசப்படுகிறது. அன்று உடன்பிறந்தார் வாய்ச்சொல்லாலேயே பிரித்துக்கொண்ட காடு, இன்று அவர்களை நீதிமன்றப் படியேற்றுகிறது. எல்லைக்கப்பால் அத்திப்பள்ளியிலோ ஆனேக்கல்லிலோ மனை வாங்கியவர்களும் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு இங்கே தமிழில் பட்டா, அங்கே கன்னடத்தில் பத்திரம்.

கத்தோலிக்கக் குடும்பங்கள் பல, தங்களை ஆளும் சட்டம் எதுவென்றே அறியாதிருப்பது எங்களுக்கு வியப்பளிக்கிறது. நமக்குரியது 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். உயிலின்றிக் கணவன் இறந்தால், பிள்ளைகள் இருக்கும்போது, மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. எஞ்சிய இரு பங்கும் பிள்ளைகளுக்குச் சமமாகச் சேரும். மகன், மகள் என்ற வேற்றுமை இல்லை. தந்தையின் சொத்தில் பிறப்பாலேயே உரிமை கோரும் வழக்கமும் நமக்கில்லை. தம் சொத்து முழுவதையும் அவர் விரும்பியவருக்கு எழுதி வைக்கலாம். ஆனால் உயில் எழுதியபின் அவர் திருமணம் புரிந்தால் அவ்வுயில் தானாகவே செல்லாததாகிவிடும். மனைவியை இழந்து மறுமணம் புரிவோர் இதை அறிதல் நன்று.

மகளின் மனத்தை இத்துறைக்குத் திருப்பியது எங்கள் பங்கில் நிகழ்ந்த ஒன்று. மனைவியை இழந்த முதியவர் ஒருவருக்கு இரு ஆண்மக்கள், ஒரு மகள். தம்மை இறுதிவரை பேணிய மகளுக்கு வீட்டையும், மைந்தருக்கு நிலத்தையும் உயிலில் எழுதினார். அண்டை வீட்டாரும் மருமகனும் சாட்சிக் கையொப்பமிட்டனர். நல்லெண்ணத்தோடு இட்ட கையொப்பம்தான். ஆனால் சாட்சியாக ஒப்பமிட்டவருக்கோ, அவருடைய கணவனுக்கோ மனைவிக்கோ எழுதிய கொடை செல்லாது என்கிறது அச்சட்டத்தின் 67ஆம் பிரிவு. உயில் நிற்கும், கொடை மட்டும் வீழும். எஞ்சிய சொத்து இன்னாருக்கு என்ற வாசகமும் அவ்வுயிலில் இல்லை. ஆகவே அவ்வீடு உயிலே எழுதப்படாத சொத்தைப்போல் மூவருக்கும் பொதுவாயிற்று. தந்தையின் படுக்கையருகே ஈராண்டு கண்விழித்தவள், தான் வாழும் வீட்டில் மூன்றில் ஒரு பங்குக்கே உரியவளானாள். கற்றறிந்த ஒருவர் அருகிருந்து, "மருமகன் வேண்டாம், வேறொருவரை அழையுங்கள்" என்று சொல்லியிருந்தால் போதும். உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை. இரு சாட்சிகள் கட்டாயம்.

கோவிலுக்கும் ஏழைகளுக்கும் எழுதி வைப்பதிலும் முன்பு தடையிருந்தது. நெருங்கிய உறவினர் உள்ள கிறிஸ்தவர், இறப்பதற்குப் பன்னிரண்டு மாதங்களுக்கு முன்பே அவ்வுயிலை எழுதி, ஆறு மாதத்திற்குள் அதனைப் பாதுகாப்பில் ஒப்படைத்திருக்க வேண்டும். கேரளக் குரு ஜான் வள்ளமற்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2003இல் அந்த 118ஆம் பிரிவை நீக்கியது. இத்தீர்ப்பை மகள் எங்களுக்கு வாசித்துக் காட்டியபோது, பெரியப்பாவும் திண்ணையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அவள் கல்லூரியில் இதற்கெனத் தனிப்பாடம் இல்லை. குடும்பச் சட்டத் தாள்களுள் ஒரு பகுதியாக வந்து போகிறது. ஆதலால் விடுமுறையில் கிருஷ்ணகிரியில் முதிய வழக்கறிஞர் ஒருவரிடம் சென்று, பழைய பத்திரங்களையும் வில்லங்கச் சான்றுகளையும் படிக்கப் பழகுகிறாள். வழக்கறிஞரின் பாதுகாவலரான புனித இவோ, 1303இல் இறக்கும்வரை ஏழைகளுக்காக ஊதியமின்றி வாதாடியவர். அவருடைய படம் அவள் மேசையில் இருக்கிறது. ஊதியமும் கொஞ்சம் வரட்டும் என்பது அவளுடைய தாயின் மன்றாட்டு!

அந்த வீட்டின் காரியம் இன்னும் முடியவில்லை. மூத்த சகோதரர் தம் பங்கைத் தங்கைக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டார். பெங்களூரில் இருக்கும் இளையவர், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு ஊர் வரும்போது பேசலாம் என்று சொல்லியிருக்கிறார். பெரியப்பாவோ போன வாரம், தம் நிலப்பத்திரங்களை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு மகளைத் தேடி வந்தார்.