வீக்கம் வடிந்ததாம், விலை வடியவில்லையே!

வீக்கம் என்றால் என்னவென்று நம் வீடுகளில் யாருக்கும் சொல்லித் தர வேண்டாம். பிள்ளைத்தாய்ச்சிக்குக் கால் வீங்கும். பல்வலி வந்தால் கன்னம் வீங்கும். ‘விரலுக்குத் தகுந்த வீக்கம்’ என்று மருமகளிடம் சொல்லிக் காட்டாத மாமியார்தான் உண்டா? ஆனால் இந்தப் ‘பணவீக்கம்’ இருக்கிறதே, அது பேப்பரிலும் டி.வி.யிலும் வருகிற வார்த்தை. எங்கள் காரைக்கால் நேரு மார்க்கெட்டில் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. “விலைவாசி ஏறிப் போச்சும்மா” என்பார்கள். கொஞ்சம் கோபம் வந்தால் “ஆனை விலை, குதிரை விலை!” அவ்வளவுதான்.

இங்கிலீஷில் இன்ஃப்ளேஷன் என்றால் ஊதிப் பெருக்குதல். பிரஷர் பார்க்கும்போது கையில் சுற்றிய பட்டையில் டாக்டர் காற்றை அடைக்கிறாரே, அதற்கும் அந்தச் சொல்தான். பிரெஞ்சிலும் அதே எழுத்துக்கள்தாம், உச்சரிப்புதான் வேறே. பிரெஞ்சு என்றதும் இன்னொன்று. 1954 நவம்பர் 1-ல்தான் எங்கள் ஊர் இந்தியாவின் நிர்வாகத்துக்கு வந்தது. அதற்கு முந்திய பழைய நாளில் பிரெஞ்சுக்காரர்கள் ‘ஃபனோன்’ என்று ஒரு சின்ன வெள்ளிக்காசு அடித்தார்கள். எட்டு ஃபனோன் ஒரு ரூபாய். நம் ‘பணம்’தான் அவர்கள் வாயில் அப்படி ஆயிற்று!

அந்தப் பணம் எப்படி வீங்கும்? சந்தையில் சரக்கு அதே அளவு, ஜனங்கள் கையில் நோட்டு மட்டும் பெருத்துவிட்டது என்றால் ஒவ்வொரு நோட்டுக்கும் சத்து குறைந்து போகும். முதலில் இப்படி நோட்டுப் பெருகுவதைத்தான் இன்ஃப்ளேஷன் என்றார்கள். பிற்பாடு, காரணம் எதுவானாலும் சரி, பொதுவாக விலைகள் ஏறிக்கொண்டே போவதற்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. தமிழ்ச் சொல்லில் மட்டும் பழைய அர்த்தம் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஒரு சாமான் மட்டும் விலை ஏறினால் அது பணவீக்கம் ஆகாது. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது மீன் விலை கேட்டால் தலை சுற்றும். படகுகள் கடலுக்குப் போக ஆரம்பித்ததும் இறங்கிவிடும். 2023 ஜூலையில் தக்காளி ஆடிய ஆட்டமும் அந்த மாதிரிதான். எல்லாமாகச் சேர்ந்து ஏறி, இறங்காமல் அங்கேயே உட்கார்ந்துகொள்வதுதான் நம் கையைக் கடிக்கிற விஷயம்.

2025 நவம்பரில் ஒருநாள் என்னவர் பேப்பரை மடித்துக்கொண்டே, “பணவீக்கம் கால் சதவீதத்துக்கு வந்துட்டுதாம். வீட்டுச் செலவிலே ஆயிரம் ரூபாய் குறைச்சுக்கலாமா?” என்றார்.

“ஏங்க, கால் வீக்கம் வடிஞ்சா கால் பழையபடி ஆயிடும். விலை பழையபடி ஆச்சா?” என்றேன்.

இந்த ‘வீக்கம்’ என்ற சொல்லே நம்மை ஏமாற்றுகிறது, சகோதரிகளே! பேப்பரில் போடுகிற எண், விலை அல்ல. விலை ஏறுகிற வேகம். 2024 அக்டோபரில் அந்த எண் 6.21. அதாவது முந்திய வருஷம் 100 ரூபாய்க்கு வாங்கிய சாமான்களுக்கு 106 ரூபாய் 21 காசு. 2025 அக்டோபரில் எண் 0.25. அப்படியென்றால் 106 ரூபாய் 48 காசு. நூற்றுக்குத் திரும்பவே இல்லையே! பிள்ளை இந்த வருஷம் அரை அங்குலம்தான் வளர்ந்தான் என்பதற்காக மூன்று வருஷத்துக்கு முந்திய சட்டையை எடுத்து மாட்ட முடியுமா? விலைகள் மொத்தமாக நிஜமாகவே இறங்கினால் அதற்குப் ‘பணவாட்டம்’ என்று வேறே பெயர் இருக்கிறது.

அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அந்த மாசம் காய்கறிக் கணக்கு என் நோட்டிலும் குறைந்துதான் இருந்தது. ஆனால் தேங்காய் எண்ணெய்? அந்த வருஷம் அது ஏறிய ஏற்றத்தில் தலைக்குத் தேய்க்கவே கை கூசியது. பேப்பர் எண் நாடு முழுதுக்குமான சராசரி. என் நோட்டு என் வீட்டுக்கு. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டியதும் ஆயிரம் ரூபாய்ப் பேச்சு அதோடு நின்றது.

என் கவலையெல்லாம் அம்மாவைப் பற்றித்தான். அப்பா போனபின் 2021 ஆடியில் போட்ட ஐந்து வருஷ டெபாசிட்டின் வட்டிதான் அவளுக்கு மருந்துக்கும் பாலுக்கும். வட்டி ஐந்தரை சதவீதம். 2022-23-ல் நாட்டின் சராசரிப் பணவீக்கமோ 6.7. வட்டி வந்தும் நஷ்டம்! முதல் அப்படியே பத்திரமாக இருக்கிறது என்று அம்மா பாஸ்புக்கைத் தடவிப் பார்த்துக்கொள்வாள். எண் அப்படியேதான் இருக்கிறது. அது வாங்குகிற அரிசிதான் குறைந்துவிட்டது.

ரிசர்வ் வங்கிக்கு 2016-ல் வைத்த இலக்கே 4 சதவீதம், இரண்டு கூடலாம், இரண்டு குறையலாம் என்பது. ஆக எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் வருஷம் 4 சதவீதம் ஏறத்தான் செய்யும். அந்தக் கணக்கில் சுமார் 18 வருஷத்தில் விலை இரட்டிப்பு.

டெபாசிட் 2026 ஆடியில் முதிர்கிறது. மறுபடி போடுமுன் வட்டி எவ்வளவு என்பதோடு, பணவீக்கம் போக மிச்சம் எவ்வளவு என்றும் மானேஜரிடம் கேட்கச் சொல்லி அண்ணனுக்கு எழுதியிருக்கிறேன்.