பெயரை மகள்கள் சொல்லட்டும்

முதல் மழை விட்ட இரவில் தெருவிளக்கின் கீழ் விழும் சிறகுள்ள பூச்சி எல்லாவற்றையும் நாம் ஈசல் என்றே சொல்லிவிடுகிறோம். ஈசல் கறையானின் பிள்ளை. அதன் உடல் ஒரே அகலமாக இருக்கும், நான்கு சிறகும் ஒரே அளவு. அந்தக் கூட்டத்துக்குள் இடுப்பு ஒடுங்கி, உணர்கொம்பு முழங்கைபோல் மடங்கி, முன்சிறகு பெரிதும் பின்சிறகு சிறிதுமாக ஒன்று தட்டுப்பட்டால் அது எறும்பு. ஒன்றரை சென்டிமீட்டர் நீளத்தில், கறுப்பாக, சிறகை உதிர்த்துவிட்டுச் சுவரோரம் பதற்றத்துடன் ஓடினால், பெரும்பாலும் அது புதுக்குடும்பம் தொடங்க இடம் தேடும் கட்டெறும்பு ராணி. பெருந்தலை வேலைக்கார எறும்பை ராணி என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் பலர். தலையைப் பார்ப்பதைவிட முதுகைப் பார்ப்பது நல்லது. ராணியின் மார்புப் பகுதி கூனல் விழுந்ததுபோல் உப்பியிருக்கும், அதன் பக்கங்களில் சிறகு முறிந்த தழும்பு தெரியும். உச்சந்தலையில் மூன்று சின்னக் கண்களும் இருக்கும். இவ்வளவையும் ஒரு சாதாரண உருப்பெருக்கிக் கண்ணாடி காட்டிவிடும்.

ராணி என்பதும், கட்டெறும்புகளின் கேம்போனோட்டஸ் பேரினத்தைச் சேர்ந்தது என்பதும் இப்படிக் கொஞ்சம் பழகினால் தெரிந்துவிடும். அடுத்த கேள்விதான் சிக்கல்: எந்த இனம்? உலகில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் இந்தப் பேரினத்தில் பெயரிடப்பட்டிருக்கின்றன. எறும்பு வளர்க்க ஆசைப்படுகிறவர் பிடித்த அன்றே இனப்பெயர் வேண்டும் என்கிறார். அந்தப் பெயர் காத்திருக்க வேண்டிய பெயர் என்பதே என் வாதம். நம் நாட்டு எறும்புகளுக்கு இன்றும் புரட்டப்படும் அடிப்படை நூல், பிங்ஹாம் எழுதி 1903இல் வெளிவந்த தொகுதி. அதில் இனங்களைப் பிரித்தறியும் வழிகாட்டிகள் பெரும்பாலும் வேலைக்கார எறும்பை வைத்தே எழுதப்பட்டவை. காரணம் எளிது. வேலைக்கார எறும்பு வருடம் முழுவதும் கண்ணில் படுகிறது, ராணி சில இரவுகளில்தான் வெளியே வருகிறது. இன்னொரு காரணம் உடலிலேயே இருக்கிறது. வேலைக்காரியின் முதுகு வில்போல் வளைந்திருக்கும் விதம் முக்கியமான அடையாளம். பறக்கும் தசைகளுக்கு இடம் கொடுக்க ராணியின் மார்பு வீங்கிக்கொள்வதால் அந்த வளைவே அழிந்துபோகிறது. வேலைக்காரியைக் காணாமல் சிறகுள்ளதை மட்டும் பார்த்துப் பெயர் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு லின்னேயஸே சாட்சி. ஆப்பிரிக்கப் படையெறும்பு ஒன்றின் ஆணை 1764இல் அவர் குளவிப் பேரினத்தில் சேர்த்து வைத்தார். உயிரினங்களுக்கெல்லாம் பெயர் சூட்டும் முறையை வகுத்தவருக்கே அந்தக் கதி.

அப்படியானால் வளர்ப்பதுதான் அடையாளம் காணும் வழி. கண்ணாடிக் குழாயின் அடியில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், அதைத் தடுத்து இறுக்கமாக ஒரு பஞ்சடைப்பு, நடுவில் ராணி, வாயில் இன்னொரு பஞ்சு, மேலே இருட்டுக்கு ஒரு துணி. சாப்பாடு வேண்டாம். இந்த ராணி தன்னை அறைக்குள் அடைத்துக்கொண்டு, இனிப் பயன்படாத சிறகுத் தசையைக் கரைத்து, அந்தச் சத்தைப் புழுக்களுக்கு வாய்வழியே ஊட்டும். அதன் குடல் சுவர்ச் செல்களில் பிளாக்மானியா என்ற பாக்டீரியா குடியிருக்கிறது. வீணாகும் நைட்ரஜனை மீட்டு அமினோ அமிலமாக்கித் தரும் அந்தக் குடித்தனக்காரர், முட்டை வழியாக மகள்களான வேலைக்கார எறும்புகளுக்கும் போய்ச் சேருகிறார். புழு நூல் நூற்றுப் பழுப்பு நிறக் கூட்டுக்குள் புகும். முட்டை என்று பலர் சொல்வது இந்தக் கூட்டைத்தான். கடைசியில் தாய் கூட்டைக் கடித்துத் திறக்க, வெளுத்த நிறத்தில் கால் மடங்கிய முதல் மகள் வெளியே வருகிறாள். வட அமெரிக்கக் கேம்போனோட்டஸ் பென்சில்வேனிகஸுக்கு முட்டையிலிருந்து இந்த நாள் வர ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். இடையில் தினமும் துணியை விலக்கி, கைபேசி வெளிச்சம் அடித்து, “என்ன இனம்” என்று பார்த்துக்கொண்டே இருந்தால் மிரண்ட ராணி தன் முட்டையையே தின்றுவிடும். பெயருக்கான அவசரம் பெயரைச் சொல்லப்போகிறவர்களையே காவு வாங்கிவிடுகிறது.

முதல் மகள்களைப் பார்த்ததும் முடிவுக்கு வருவதும் தவறு. ஒரு தாயின் உடம்பிலிருந்து மட்டுமே வளர்ந்த அவை மிகச் சிறியவை. கழுதை தேய்ந்து கட்டெறும்பானது போதாதென்று, கட்டெறும்பும் தேய்ந்து பிள்ளையார் எறும்பாகிவிட்டதோ என்று தோன்றும். தலை வடிவத்தை வைத்து முடிவு சொல்ல உதவும் பெருந்தலை வேலைக்காரிகள் குடும்பம் பெருகிய பிறகே பிறக்கின்றன. அதற்கு ஒரு வருடமும் ஆகலாம். ஃபார்மிகா ஃபுஸ்கா என்ற எறும்பின் ராணி ஒன்றை ஏறக்குறைய 15 வருடம் வளர்த்துக் காட்டினார் ஜான் லபக் என்பவர், அதுவும் பத்தொன்பதாம் நூற்றாண்டில். ராணிக்கு ஆயுள் இருக்கிறது.

இனம் தெரியாமல் எப்படிப் பராமரிப்பது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் பராமரிப்புக்கு வேண்டியது பேரினமும் பிடித்த ஊரும். அடைபட்டுப் பட்டினி கிடந்து பிள்ளை வளர்ப்பது இந்தப் பேரின ராணிகளின் பொது வழக்கம். கனடாவில் பிடித்ததற்குக் குளிர்கால உறக்கம் வேண்டும், மதுரையில் பிடித்ததற்கு வேண்டாம். இதைச் சொல்வது ஊர்தான். பெயரை நம்பி ஏமாறுவதும் உண்டு. ஆங்கிலத்தில் இவற்றுக்குத் தச்சு எறும்பு என்று பெயர். பென்சில்வேனிகஸ் மரத்தைக் குடைந்து அறை செய்வதால் வந்தது அது. மரத்தைத் தின்பதில்லை, தூளை வெளியே தள்ளிவிடும். நம் ஊர்க் கட்டெறும்பான கேம்போனோட்டஸ் கம்ப்ரெஸ்ஸஸோ மரத்தடி மண்ணில் குடியிருக்கிறது. தச்சு என்ற சொல்லை நம்பி அதற்கு மரக்கட்டை வாங்கி வைப்பது வீண்செலவு.

மரபணுச் சோதனை இருக்கிறதே என்பது இன்னும் வலுவான மறுப்பு. ஒரு கால் துண்டு போதும், உண்மை. ஆனால் வரும் வரிசையை ஒப்பிட, முன்பே சரியாக அடையாளம் கண்ட மாதிரி ஒன்று பதிவில் இருக்க வேண்டும். அந்த மாதிரி பெரும்பாலும் வேலைக்காரிதான், ஆக சுற்றிச் சுற்றி மகளிடமே வந்து நிற்கிறோம். பேரினத்தின் எல்லையும் கல்லில் வெட்டியதல்ல. 2016இல்தான் கோலோபாப்சிஸ் என்ற பிரிவைக் கேம்போனோட்டஸிலிருந்து வெளியே எடுத்துத் தனிப் பேரினமாக்கினார்கள்.

ராணியைப் பிடிப்பதே பாவம் என்கிறவர்களுக்கு என் பதில் அரைமனதானது. அந்த இரவில் பறந்த ராணிகளில் மிகப் பெரும்பாலானவை பல்லிக்கும் பறவைக்கும் சிலந்திக்கும் இரையாகின்றன. ஒன்றிரண்டை எடுப்பதால் காடு குறைந்துவிடாது. ஆயிரக்கணக்கில் எடுத்து விற்பது வேறு. 2025இல் கென்யாவில் சுமார் 5,000 ராணி எறும்புகளைப் பஞ்சடைத்த குழாய்களில் வைத்திருந்த இரண்டு பெல்ஜிய இளைஞர்கள் பிடிபட்டு, ஆளுக்குப் பத்து லட்சம் ஷில்லிங் அபராதம் கட்ட நேர்ந்தது. அவை அறுவடை எறும்புகள், ஆனால் குழாயும் பஞ்சும் அதே முறைதான். இப்படிக் கைமாறும் குழாயில் ஊகித்து ஒட்டிய பெயர் ஊரையும் மறைத்துவிடுகிறது. வளர்த்து அலுத்தவர் அதை வேறொரு ஊரில் திறந்துவிட்டால், அங்கே என்ன போய்ச் சேர்ந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே குழாயின் மேல் ஒரு துண்டுத் தாள் ஒட்டுங்கள். பிடித்த ஊர், தேதி, நேரம், அன்று மழை பெய்ததா என்பதைப் பேனாவால் எழுதுங்கள். பேரினத்தைப் பென்சிலால் எழுதுங்கள். இனத்துக்கான இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு, துணியை மூடி, ஒரு வாரம் அந்தப் பக்கம் போகாதீர்கள்.