மின்வழங்கியும் பாட்டனார் குரலும்

எம் பாட்டனார் 1974ஆம் ஆண்டிற் பாடகர் குழுவொன்றுடன் பாடிய இசைத்தட்டு எம் இல்லத்திலுண்டு. அவர் குரலைத் தாங்கி எஞ்சியிருப்பது அஃதொன்றே. அதனைப் பாட்டியார்க்குக் கேட்பிக்கும் அவாவினால், விடுமுறையில் இசைத்தட்டு முன்பெருக்கியொன்றை எம் கையாலேயே அமைக்கத் துணிந்தோம்.

ஊசியின் அசைவால் காந்தத்தலையில் எழும் மின்னழுத்தம் ஏறத்தாழ 5 மில்லிவோல்ட்டே. அன்றியும், 1954 முதல் வழங்கும் ஆர்.ஐ.ஏ.ஏ. முறைப்படி, தாழ்ந்த ஓசைகளைக் குறைத்தும் உயர்ந்தவற்றை மிகுத்தும் தட்டிற் பதிப்பர். முன்பெருக்கி அதனை நேர்மாறாக்கிச் சமன்செய்தல் வேண்டும். ஆகலின் 1,000 ஹெர்ட்ஸ் ஓசையை 100 மடங்கு பெருக்குங் கருவி, 50 ஹெர்ட்ஸ் ஓசையை ஏறத்தாழ 700 மடங்கு பெருக்கும். வீட்டு மின்சாரத்தின் அதிர்வும் அதே 50 என்பதனை யாம் எண்ணிப் பார்த்திலேம்.

முதன்முறை ஊசியை வைத்தபோது பெரும் இரைச்சலே எழுந்தது. பாட்டியார் சிறிது செவிசாய்த்து, "இது அவுக குரல் இல்லை, ஐயா" என்று எழுந்து சென்றார். யாமோ தட்டு தேய்ந்ததென அதன்மேற் பழி சுமத்தினோம்.

பின்னரே பிழை மின்வழங்கியிலுள்ளதென உணர்ந்தோம். மின்மாற்றியைத் தனிப்பெட்டியிலிட்டு மூன்றடி விலக்கினோம், எல்.எம். 317, எல்.எம். 337 என்னும் சீராக்கிகளால் நேரும் எதிருமாய 15 வோல்ட்டை நிலைநிறுத்தினோம். புவிக்கம்பிகளையெல்லாம் ஓரிடத்திற் கூட்டினோம்.

மறுமுறை ஊசி இறங்கியபோது, பாட்டனார் தனித்துப் பாடும் அடிக்கு முன் மூச்சிழுத்ததும் கேட்டது. பாட்டியார் தலைகுனிந்திருந்தார். பாட்டு முடிந்ததும், "இன்னொரு தரம் வை" என்றார்.

பெருக்கியை அமைக்க மூன்று நாள் கொண்டோம். மின்வழங்கியைத் திருத்த மூன்று வாரமாயிற்று. அப்பிந்திய உழைப்பே அக்குரலை மீட்டுத் தந்தது.